மனித செல் வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு: மீடியாவில் என்ன இருக்கிறது, எதை முதலில் சரிபார்ப்பது

பிஎச்டி சேர்ந்த முதல் வருடம் ஏறத்தாழ நான்கு மாதம் ஒரே செல் லைனோடு (லேபில் தொடர்ந்து பெருக்கிக்கொண்டே போகக்கூடிய ஒரே வகைச் செல்கள்) போராடினேன். எம்சிஎஃப்-7, மார்பகப் புற்றுநோயிலிருந்து வந்தது. ஃபிளாஸ்கில் ஒட்டிக்கொள்ளும், இரண்டு நாள் நன்றாக இருக்கும், அப்புறம் நின்றுவிடும். சாகவும் இல்லை, பெருகவும் இல்லை. இன்குபேட்டரைத் துடைத்தேன், ஒட்டிய செல்லைப் பிரித்தெடுக்கும் ட்ரிப்சின் நொதியைப் புதிதாக வாங்கினேன், மீடியாவில் கலக்கும் சீரத்தின் கம்பெனியை மாற்றினேன், செல்லுக்கு ஊற்றும் சத்துக் கரைசலான மீடியாவையும் மாற்றினேன், எல்லாம் ஒரே வாரத்தில். அதனால் கடைசியில் செல் வளரத் தொடங்கியபோது எது சரியானதால் வளர்ந்தது என்று எனக்குத் தெரியவில்லை. அடுத்த மாதம் மறுபடி நின்றபோது முதல் படியிலிருந்து தேட வேண்டியிருந்தது.

அப்போது ஒருவர் உட்கார்ந்து இதையெல்லாம் சொல்லியிருந்தால் ஒரு செமஸ்டர் மிச்சமாகியிருக்கும். அதற்காகவே எழுதுகிறேன். எம்எஸ்சி புராஜெக்ட் செய்கிறவர்களுக்கும் முதல் வருட ஆராய்ச்சி மாணவர்களுக்கும், சொந்தமாக செல் கல்ச்சர் அறை இல்லாமல் பக்கத்துத் துறையின் ஹூடில் (கிருமி புகாமல் வேலை செய்யும் காற்றுப்பெட்டி) நேரம் வாங்கி வேலை செய்கிறவர்களுக்கும் இது உதவும்.

1. செல்லைக் கேட்பதற்கு முன் காகித வேலை

பக்கத்து லேபில் இருந்து ஒரு ஃபிளாஸ்க் வாங்கி வருவதுதான் சுலபம், எல்லோரும் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த செல் எத்தனையாவது பாசேஜ் (எத்தனை முறை பிரித்துப் புது ஃபிளாஸ்குக்கு மாற்றியது), எந்த மீடியாவில் வளர்ந்தது, மைக்கோபிளாஸ்மா (கல்ச்சரில் கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்து வளரும் ஒரு பாக்டீரியா) பார்த்தார்களா என்று கேட்டால் பெரும்பாலும் பதில் இருக்காது. முடிந்தவரை புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் சேமிப்பகத்திலிருந்து வாங்குங்கள். விண்ணப்பம், கைடு கையெழுத்து, நிறுவனத்தின் பெயரில் கட்டணம் என்று எல்லாம் நிறுவனம் வழியாகத்தான் போகும். உங்கள் பெயரில் தனியாக வாங்க முடியாது. உங்கள் நிறுவனத்தின் உயிரியல் பாதுகாப்புக் குழுவின் அனுமதியையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள், கேட்ட பிறகு ஓடினால் அடுத்த கூட்டம் வரை காத்திருக்க நேரிடும்.

செல் லைன் இல்லாமல் மருத்துவமனையிலிருந்து திசு வாங்கிப் பிரித்தெடுக்கப் போகிறீர்கள் என்றால், உதாரணமாகத் தொப்புள்கொடியிலிருந்து ரத்தக்குழாய் உட்சுவர் செல்கள், மனிதர் சார்ந்த ஆய்வுக்கான நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கட்டாயம். தாய் கையெழுத்திடும் ஒப்புதல் படிவம் அவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், இங்கே அது தமிழ். இந்தப் படிவத்தை ஆங்கிலத்தில் மட்டும் கொடுத்ததால் எங்கள் விண்ணப்பம் ஒரு கூட்டம் தள்ளிப்போனது, அது இரண்டு மாதம். திட்ட விவரம், தகவல் தாள், ஒப்புதல் படிவம், மருத்துவமனைத் துறைத் தலைவரின் கடிதம், நான்கையும் சேர்த்தே கொடுங்கள்.

ஃபிளாஸ்க் வந்து சேர்ந்ததும் அதில் கழுத்து வரை நிரப்பி அனுப்பிய மீடியாவைக் கொட்டிவிடாதீர்கள். ஸ்டெரைலாக எடுத்து வையுங்கள். முதல் இரண்டு தடவை அதையும் உங்கள் மீடியாவையும் பாதிக்குப் பாதி கலந்து கொடுத்தால் செல்லுக்கு இடமாற்றம் தெரியாது.

2. எந்த மீடியா என்பதை செல்தான் முடிவு செய்யும்

"எங்கள் லேபில் எல்லாவற்றுக்கும் டிஎம்இஎம்தான்" என்பது நீங்கள் அடிக்கடி கேட்கப்போகும் வாக்கியம். டிஎம்இஎம், இஎம்இஎம், ஆர்பிஎம்ஐ எல்லாம் வெவ்வேறு மீடியாக்களின் பெயர்கள். பல புற்றுநோய் செல் லைன்கள் அதில் வளரவும் செய்யும். ஆனால் வளர்வது வேறு, தன் இயல்போடு வளர்வது வேறு. சேமிப்பகம் தரும் தாளில் எந்த மீடியா, எவ்வளவு சீரம், கூடுதலாக என்ன என்று எழுதியிருக்கும். எம்சிஎஃப்-7க்கு மில்லிக்கு 10 மைக்ரோகிராம் இன்சுலின் சேர்க்கச் சொல்வார்கள். அது விலை என்று விட்டுவிடுகிறவர்கள் நிறைய, நானும் விட்டேன், வேகம் குறைகிறது. ஹெப்ஜி2 என்ற கல்லீரல் செல்லுக்குப் பரிந்துரை இஎம்இஎம். டிஎச்பி-1 போல மிதந்து வளரும் ரத்தச் செல்களுக்கு ஆர்பிஎம்ஐ, அதோடு மிகச் சிறிய அளவில் மெர்காப்டோஎத்தனால்.

மீடியாவில் ஒரே ஒரு உப்பு என்ன செய்யும் என்பதற்குத் தோல் செல்கள் நல்ல உதாரணம். மனிதத் தோலின் கெரட்டினோசைட்களுக்கு கால்சியம் 0.1 மில்லிமோலாருக்குக் கீழே இருந்தால் பெருகிக்கொண்டே போகும். 1 மில்லிமோலாரைத் தாண்டினால் பெருகுவதை நிறுத்தி, ஒன்றோடொன்று ஒட்டி, அடுக்கடுக்காக முதிரத் தொடங்கிவிடும். டிஎம்இஎம்மில் கால்சியம் 1.8. ஆக, அந்த செல்லை அதில் போட்டுவிட்டு வளரவில்லையே என்று சீரத்தைக் கூட்டினால் என்ன பயன்? சீரமே அவற்றை முதிர வைக்கும் சரக்கைக் கொண்டுவருகிறது.

ஒரு மீடியாவிலிருந்து இன்னொன்றுக்கு மாற்ற வேண்டி வந்தால் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முக்கால் பழையது கால் புதியது, பிறகு பாதி பாதி, பிறகு கால் முக்கால் என்று ஒவ்வொரு பாசேஜாகப் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும், அதை உங்கள் கால அட்டவணையில் முன்பே எழுதிக்கொள்ளுங்கள். மாற்றத் தொடங்கும் முன் பழைய மீடியாவில் வளர்ந்த செல்லை இரண்டு மூன்று வயலாவது (உறைய வைக்கும் சிறு குழாய்) உறைய வைத்துவிடுங்கள்.

3. லேபிளில் எதைப் படிப்பது

பாட்டிலில் டிஎம்இஎம் என்று பெரிதாக எழுதியிருக்கும். அதன் கீழே சிறிய எழுத்தில் இருப்பதுதான் உங்கள் வேலையைத் தீர்மானிக்கும்.

குளுக்கோஸ். ஹை குளுக்கோஸ் என்றால் லிட்டருக்கு 4.5 கிராம், லோ என்றால் 1 கிராம், ஆர்பிஎம்ஐயில் 2 கிராம். நம் வீட்டில் சுகர் டெஸ்ட் ரிப்போர்ட் பார்க்கிற கணக்கில் சொன்னால் முறையே 450, 100, 200. சாப்பிடாமல் எடுத்த ரத்தத்தில் 450 என்று வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓடுவோம், அந்த அளவில்தான் பெரும்பாலான செல்களை தினமும் வைத்திருக்கிறோம். வேகமாகப் பெருகும் புற்றுநோய் செல்கள் அதை விழுங்கி லாக்டிக் அமிலமாகக் கக்கும், மீடியா சீக்கிரம் மஞ்சளாகும். எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுக்கும் மெசென்கைமல் ஸ்டெம் செல்களுக்கு லோ குளுக்கோஸைப் பரவலாகப் பயன்படுத்துவது காரணத்தோடுதான். மெட்ஃபார்மின் போல ஆற்றல் உற்பத்தியைத் தொடும் மருந்தை ஹை குளுக்கோஸில் சோதித்துவிட்டு வேலை செய்யவில்லை என்று எழுதிவிடாதீர்கள். சர்க்கரை நிறைய இருக்கும்போது செல் அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும்.

குளுட்டமின். என் நான்கு மாதத்தை விழுங்கியது இதுதான். செல்லுக்கு இது நைட்ரஜனும் தருகிறது, எரிபொருளாகவும் ஆகிறது, ஆனால் கரைசலில் நிலைக்காது. தானாகவே உடைந்து அம்மோனியாவை வெளியிடும். 37 டிகிரியில் ஒரு வாரத்தில் ஏறக்குறைய பாதி போய்விடும், ஃபிரிட்ஜில் மெதுவாகப் போகும். ஆகவே பழைய மீடியாவில் இரட்டை நஷ்டம்: சத்து குறைகிறது, நஞ்சு சேர்கிறது. நான் 500 மில்லி பாட்டிலை ஒவ்வொரு முறையும் முழுசாக வாட்டர் பாத்தில் வைத்துச் சூடாக்கி, மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைத்து, மூன்று மாதம் ஓட்டியிருந்தேன். தீர்வு சுலபம். தேவையானதை மட்டும் 50 மில்லி குழாயில் பிரித்துச் சூடாக்குங்கள். பாட்டிலைத் திறந்து ஒரு மாதம் ஆகிவிட்டால் 200 மில்லிமோலார் ஸ்டாக்கிலிருந்து லிட்டருக்கு 10 மில்லி புதிதாகச் சேர்க்கலாம், அது 2 மில்லிமோலார் வரும். ஆனால் சேர்ந்துவிட்ட அம்மோனியா அப்படியே இருக்கும் என்பதால் இதைத் திரும்பத் திரும்பச் செய்யக் கூடாது. பணம் இருந்தால் அலனின் என்ற அமினோ அமிலத்தோடு கோத்த நிலையான குளுட்டமின் உள்ள மீடியா வாங்குங்கள், உடையாது.

பைகார்பனேட். டிஎம்இஎம்மில் லிட்டருக்கு 3.7 கிராம், இது 10 சதவீத கார்பன் டை ஆக்சைடுக்கு வகுத்த அளவு. நம் இன்குபேட்டர் எல்லாம் 5 சதவீதத்தில் ஓடுகிறது. அதனால் செல் குறைவாக இருக்கும் முதல் நாளில் மீடியா கொஞ்சம் காரமாக, 7.5க்கு மேலே நிற்கும். கெட்டி செல் லைன்கள் தாங்கும், குறைந்த எண்ணிக்கையில் விதைத்த செல்கள் சிரமப்படும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் தீர்ந்துபோய் யாரும் கவனிக்காத வாரக்கடைசிக்குப் பிறகு திங்கட்கிழமை எல்லா ஃபிளாஸ்கும் வாடாமல்லி நிறத்தில் இருப்பது இதனால்தான்.

ஃபீனால் ரெட். மீடியா அமிலமானால் மஞ்சள், காரமானால் வாடாமல்லி என்று நிறம் காட்டுவதற்காகச் சேர்ப்பது, ஆனால் அது ஈஸ்ட்ரோஜன் போல லேசாக வேலை செய்யும் என்று 1986ல் எம்சிஎஃப்-7 செல்லில்தான் காட்டினார்கள். நீங்கள் ஹார்மோன் சார்ந்த சோதனை செய்கிறீர்கள் என்றால் ஃபீனால் ரெட் இல்லாத மீடியாவும், கரித்தூள் கொண்டு ஹார்மோன் நீக்கிய சீரமும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் மாற்றிப் பயனில்லை.

பைருவேட் இருக்கிறதா இல்லையா என்பதையும் பாருங்கள். மீடியாவில் தானாக உருவாகும் ஹைட்ரஜன் பெராக்சைடை அது சாப்பிட்டுவிடும், ஆக்சிஜனேற்ற அழுத்தம் பற்றிய வேலையில் பைருவேட் உள்ள பாட்டிலும் இல்லாத பாட்டிலும் வேறு வேறு முடிவு தரும்.

4. சீரம்: பணம் போகும் இடம்

மீடியாவின் செலவில் பெரும்பகுதி மாட்டுக் கருவின் ரத்தத்திலிருந்து எடுக்கும் சீரம்தான். இந்தியத் தயாரிப்பு மீடியா பொடி லிட்டருக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும், 500 மில்லி சீரம் பல்லாயிரம். முதலில் கணக்குப் போடுங்கள். இரண்டு செல் லைன், லைனுக்கு இரண்டு டி-25 ஃபிளாஸ்க், 5 மில்லி வீதம் வாரம் மூன்று முறை மாற்றினால் மாதம் 240 மில்லி மீடியா. சோதனைகளையும் சேர்த்தால் 500 முதல் 1000 மில்லி. பத்து சதவீதம் என்றால் மாதம் 50 முதல் 100 மில்லி சீரம். ஒரு பாட்டில் ஐந்து முதல் பத்து மாதம் வரும். இந்தக் கணக்கைக் கைடிடம் தாளில் எழுதிக் காட்டினால் பட்ஜெட் கேட்பது எளிது. இறக்குமதிச் சரக்கு என்றால் மூன்று கொட்டேஷன், ஒப்புதல், ஆர்டர் எல்லாம் முடிந்து கைக்கு வர எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. பாதிப் பாட்டில் இருக்கும்போதே அடுத்ததற்கு எழுதிவிடுங்கள்.

சீரத்தில் வளர்ச்சிக் காரணிகள், ஹார்மோன்கள், அல்புமின், ஒட்டுவதற்கு உதவும் புரதங்கள் எல்லாம் கலந்து கிடக்கின்றன, எவ்வளவு என்பது லாட்டுக்கு லாட் (ஒரே தடவையில் தயாரித்த தொகுதி) மாறும். அதே கம்பெனி, அதே கேட்டலாக் எண், வேறு லாட் என்றால் அது வேறு சீரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும் முன் இரண்டு மூன்று லாட்டின் சாம்பிள் கேளுங்கள், பெரும்பாலும் தருவார்கள். சாதாரண அடர்த்தியில் விதைத்துப் பார்த்தால் எல்லா லாட்டும் நன்றாகவே தெரியும். ஆறு குழித் தட்டில் குழிக்கு 200 செல் மட்டும் விதைத்து, பத்து நாள் விட்டு, கிரிஸ்டல் வயலெட் சாயம் ஊற்றி எத்தனை புள்ளி (செல் கூட்டம்) வந்தது என்று எண்ணுங்கள். நல்ல சீரத்துக்கும் சுமாரான சீரத்துக்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் கண்ணில் படும். பிடித்த லாட்டை அந்த வருடத்துக்கு ஒதுக்கி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒவ்வொரு பாட்டிலோடும் பகுப்பாய்வுச் சான்றிதழ் வாங்கிக் கோப்பில் வையுங்கள்: எண்டோடாக்சின் (பாக்டீரியாவின் நச்சு), ஹீமோகுளோபின், மைக்கோபிளாஸ்மா, எந்த நாட்டுச் சரக்கு.

உறைந்த சீரத்தை நேராக 37 டிகிரியில் வைக்காதீர்கள். இரவு ஃபிரிட்ஜில் வைத்து உருக்கி, இடையிடையே மெதுவாகச் சுழற்றி, 45 மில்லி வீதம் 50 மில்லி குழாய்களில் பிரித்து மறுபடி உறைய வையுங்கள். ஒரு குழாய்க்கு ஒருமுறைதான் உருக்கல். 56 டிகிரியில் 30 நிமிடம் வைக்கும் பழக்கம் பல லேபில் சடங்கு போல நடக்கிறது. நோய் எதிர்ப்பு சார்ந்த வேலை இல்லையென்றால் பெரும்பாலான செல்களுக்கு அது தேவையே இல்லை. நேரம் தவறினால் வளர்ச்சிக் காரணிகள் கெடும், வண்டலும் படியும். அந்த வண்டல் மைக்ரோஸ்கோப்பில் கறுப்புப் புள்ளிகளாக ஆடுவதைப் பார்த்து கன்டாமினேஷன் என்று பயந்து நல்ல செல்லைக் கொட்டியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

மருந்து சோதிக்கிறவர்களுக்கு ஒன்று: அல்புமின் பல மருந்துகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 10 சதவீத சீரத்தில் கிடைத்த ஐசி50யும் (செல் வளர்ச்சியைப் பாதியாக்கும் மருந்தளவு) 2 சதவீதத்தில் கிடைத்ததும் ஒன்றாக இராது. கட்டுரையில் சீரம் அளவை எழுதாமல் விடாதீர்கள்.

5. பொடியிலிருந்து கரைப்பது

ரெடிமேட் மீடியாவுக்குக் காசு இல்லையென்றால் பொடிதான். ஒரு முழு அரை நாள் ஒதுக்குங்கள்.

பெரிய பீக்கரில் 18.2 மெகாஓம் தண்ணீர் (உப்பெல்லாம் நீக்கிய மிகத் தூய தண்ணீர்) 900 மில்லி எடுத்து, காந்தத் துண்டு சுழலும்போது பொடியைக் கொட்டுங்கள். பாக்கெட்டின் உள்சுவரில் ஒரு மெல்லிய தூள் படலம் ஒட்டியிருக்கும், கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி அதையும் ஊற்ற வேண்டும். பாக்கெட்டை முழுதாகவே கரையுங்கள், பாதி எடுத்து பாதி மடித்து வைத்தால் ஈரம் இழுத்துக் கட்டியாகிவிடும், பொருட்களும் சமமாகப் பிரியாது. இந்தக் கட்டத்தில் கரைசல் மஞ்சள் கலந்த ஆரஞ்சாக இருக்கும். இப்போது பைகார்பனேட். பெரும்பாலான பொடியில் அது இருக்காது, பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். சேர்த்த உடனே நிறம் கண்முன்னே சிவப்புக்கு ஏறும். பிஎச்சை 7.1 அல்லது 7.2ல் நிறுத்துங்கள், வடிகட்டும்போது தானாக 0.2 போல ஏறிவிடும். அமிலம் கூடிவிட்டது, காரம் விட்டேன், அது கூடிவிட்டது என்று மாற்றி மாற்றி ஊற்றினால் உப்பு ஏறி ஆஸ்மோலாலிட்டி (கரைந்திருக்கும் பொருட்களின் மொத்த அடர்வு) கெடும். சொட்டுச் சொட்டாக விடுங்கள். தண்ணீர் விட்டு 1000 மில்லியாக்கி 0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டுங்கள்.

ஆட்டோகிளேவ் வேண்டாம். குளுட்டமினும் பல வைட்டமின்களும் அங்கேயே முடிந்துவிடும்.

சீரம் வடிகட்டிய பிறகுதான். உடனே செல்லுக்கு ஊற்றிவிடாதீர்கள். 5 மில்லியை செல் இல்லாத ஃபிளாஸ்கில் ஊற்றி இன்குபேட்டரில் மூன்று நாள் வையுங்கள். தெளிவாகவே இருந்தால் அந்த பேட்ச் பயன்பாட்டுக்கு.

6. வெளிச்சம்

இதை யாரும் சொல்வதில்லை. மீடியாவில் ரிபோஃபிளேவின் இருக்கிறது, ட்யூப்லைட் வெளிச்சம் பட்டால் அது வினைபுரிந்து ஹைட்ரஜன் பெராக்சைடு உண்டாகும், பிஎச்சை நிலையாக வைக்கும் ஹெபீஸ் பஃபர் சேர்த்த மீடியாவில் இது இன்னும் அதிகம். கண்ணாடிக் கதவு வைத்த ஃபிரிட்ஜில், விளக்கு எரிந்துகொண்டே இருக்கும் தட்டில் பாட்டிலை வாரக்கணக்கில் வைக்காதீர்கள். அலுமினியத் தாள் சுற்றினால் போதும், செலவே இல்லாத வேலை.

7. கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள், எண்ணுங்கள்

"நன்றாக இருக்கிறது", "கொஞ்சம் டல்" என்று நோட்டில் எழுதுவதால் பயனில்லை. 24 குழித் தட்டில் ஒரே எண்ணிக்கையில் விதைத்து, தினமும் மூன்று குழியை ட்ரிப்சின் போட்டு எடுத்து, இறந்த செல்லில் மட்டும் ஏறும் ட்ரிப்பான் புளூ சாயம் கலந்து, செல் எண்ணும் கட்டம் போட்ட கண்ணாடியான ஹீமோசைட்டோமீட்டரில் ஐந்து நாள் எண்ணுங்கள். 50,000 செல் 72 மணியில் 4 லட்சமானால் மூன்று முறை இரட்டித்திருக்கிறது, இரட்டிப்பு நேரம் 24 மணி. ஹீலா என்ற கருப்பைவாய்ப் புற்றுநோய் செல் ஏறத்தாழ அந்த வேகம். எம்சிஎஃப்-7 இன்னும் மெதுவாகத்தான் போகும், ஹெப்ஜி2 இரண்டு நாள்கூட எடுக்கும். உங்கள் செல்லின் இயல்பான எண் தெரிந்தால்தான் மெதுவாகிவிட்டதா என்றே சொல்ல முடியும்.

8. வளரவில்லை என்றால் இந்த வரிசையில்

முதலில் மைக்கோபிளாஸ்மா பிசிஆர். மீடியா கலங்காது, மைக்ரோஸ்கோப்பில் தெரியாது, செல்லின் சத்தைத் தின்று வேகத்தை மட்டும் குறைக்கும். பென்-ஸ்ட்ரெப் (பெனிசிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் கலந்தது) ஊற்றுகிறோமே என்று நினைக்காதீர்கள், அதற்குச் செல்சுவரே இல்லை, பெனிசிலின் ஒன்றும் செய்யாது, 0.22 ஃபில்டரையும் தாண்டி வந்துவிடும். பாசிட்டிவ் என்றால் அந்த ஃபிளாஸ்கை அழித்துவிட்டுப் பழைய வயலுக்குப் போங்கள்.

நெகட்டிவ் என்றால் ஒரு ஆறு குழித் தட்டு. இரண்டு குழியில் இப்போது பயன்படுத்தும் மீடியா அப்படியே, இரண்டில் அதே மீடியாவோடு புது குளுட்டமின், இரண்டில் புது பாட்டில் மீடியாவும் பழைய சீரமும். நான்கு நாள் கழித்து எண்ணுங்கள். என் தட்டில் நடுவில் இருந்த இரண்டு குழி முதல் இரண்டைவிடத் தெளிவாக நிறைந்திருந்தன, புது பாட்டில் அதையும் தாண்டியது. நான்கு மாதம் தேடிய பதில் நான்கு நாளில் கிடைத்தது. மூன்று ஜோடியும் ஒரே மாதிரி மந்தம் என்றால் சந்தேகம் சீரத்தின் பக்கம் போக வேண்டும், அடுத்த தட்டில் மீடியாவை மாற்றாமல் சீரம் லாட்டை மட்டும் மாற்றுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் தண்ணீர், பிறகு இன்குபேட்டரின் கார்பன் டை ஆக்சைடு அளவு, பிறகு பாசேஜ் எண்.

ஒவ்வொரு பாட்டில் மேலும் மார்க்கரால் நான்கு விஷயம் எழுதுங்கள்: திறந்த தேதி, மீடியா லாட், சீரம் லாட், குளுட்டமின் சேர்த்த தேதி. அதையே நோட்டிலும் எழுதுங்கள். புது சீரம் வந்து சேரும் நாளில் பழைய லாட்டில் ஒரு குழாயாவது ஃப்ரீசரில் மிச்சம் இருக்கட்டும், ஏதாவது தவறினால் பக்கத்தில் வைத்து ஒப்பிட அது ஒன்றுதான் இருக்கும்.